பூச்சாடிக்குக் கீழே ஒரு வட்டம்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அறையைச் சூடாக்கும் ரேடியேற்றரின் சூட்டில் பின்னறையில் பழைய கம்பளி வாசம் விட்டது. ஆட்டுப்பட்டிக்கு அருகே போனால் வரும் வாசம் அது. அதோடு நல்லெண்ணெய் வாசமும் கலந்திருந்தது.
2. நல்லெண்ணெய் எனக்காக வந்தது. நான் வயதுக்கு வந்து, "பெரிசாகி", அந்த அறையில் துடக்கோடு, தீட்டோடு, இருந்தேன்.
3. அதே அறையில் ஒரு பழைய போர்த்துக்கீசக் கம்பளம் மேசையின் மேல் விரிந்து கிடந்தது. சித்தி அதைச் செப்பனிட்டு முடிக்கும் நிலையில் இருந்தார்.
4. துடக்குக் கழித்த அன்று அம்மா வீடு முழுவதும் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்.
5. கம்பளத்தில் மஞ்சள் பட்டது.
6. அம்மா சொன்னபடி சித்தி சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டு அதைத் தோய்த்தார்.
7. மஞ்சள் சிவப்பாகியது.
8. மறுநாள் காலை கம்பளத்தின் சொந்தக்காரர் வந்தார்.

நான் ஒரு சோதனைக்கூடத்தில் துணிச் சாயங்களைப் பரிசோதிக்கிறேன். கெட்டுப்போன ஒரு துணி எங்களிடம் வந்தால் முதலில் இப்படித்தான் எழுதுவோம்: என்ன நடந்தது, எதற்குப் பிறகு எது நடந்தது என்று. நல்லவர் யார், கெட்டவர் யார் என்று எழுத அந்தத் தாளில் இடமில்லை. மேலே உள்ள எட்டில் ஏழுக்கு வழக்கம், வேதியியல், அவசரம் என்று ஏதோ ஒரு காரணம் சொல்லிவிடலாம். ஆறாவது வரிக்கு அப்படி எதையும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு லண்டனில், மனோர் பார்க்கில், ஒன்றோடொன்று தோளொட்டி நிற்கும் வீட்டு வரிசையில் நடுவில் இருந்தது. அப்பா பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் வேலை செய்ததால் பகல் முழுவதும் மேல்மாடி முன்னறையில் படுத்திருப்பார். அவரது உறக்கத்துக்காக நாங்கள் எல்லோரும் படிகளில் பூனை போல நடப்போம். கீழ் முன்னறை வந்து போகிறவர்களுக்கு. மேல்மாடிப் பின்னறை எனக்கும் சித்திக்கும். உண்மையில் அது எனக்கும் சித்திக்கும் கம்பளங்களுக்கும். ஒரு கம்பளம் பெரிதாக வந்தால் என் கட்டில் சுவரோடு நிமிர்த்தி வைக்கப்படும், அந்தக் கிழமைகளில் நான் நிலத்தில் மெத்தை போட்டுப் படுப்பேன்.

போர்த்துக்கலில் அராயோலஸ் என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறதாம். முரட்டு லினன் துணியை விரித்து, அதன் இழைகளை எண்ணி, ஊசியும் கம்பளி நூலுமாக முழுத் துணியையும் தைத்து மூடி அவர்கள் செய்யும் கம்பளத்துக்கு அந்த ஊரின் பெயர்தான். அம்மாவின் வாயில் அது முதல் நாளிலிருந்தே "அராலிப் பாய்" ஆகிவிட்டது, எங்கள் ஊருக்கு அடுத்த ஊர் அராலி என்பதால். மற்றக் கம்பளங்களைப் போல இதில் முடிச்சு இல்லை, தறியும் இல்லை, எல்லாம் தையல்தான். ஒரு நீண்ட காலும் ஒரு குட்டைக் காலும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் தையலை வரிசையாகப் போட்டுக்கொண்டு போனால், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை போலத் தெரியும். ஒரு வரிசையின் சடை இடப்பக்கம் சாய்ந்தால் அடுத்தது வலப்பக்கம் சாயும், அதனால் கம்பளத்தைச் சுற்றி நடக்கும்போது வெளிச்சம் அதன் மேல் ஓடுவது போல இருக்கும். செப்பனிடுகிறவர் புதிதாக எதையும் தைப்பதில்லை. பழைய கை எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போனது என்று கம்பளத்தின் முதுகைப் பார்த்துக் கண்டுபிடித்து, பூச்சி தின்ற இடத்தில் அதே வழியில் திரும்பவும் நடக்க வேண்டும்.

அம்மா லண்டனுக்கு வந்த புதிதில் ஓர் அலுவலகத்தைத் துப்புரவு செய்யப் போனார். அங்கே கூட வேலை செய்த போர்த்துக்கீசப் பெண் இடைவேளைகளில் மடியில் வைத்துத் தைத்ததைப் பார்த்து அம்மா அந்தத் தையலைப் பிடித்துக்கொண்டார். பிறகு அந்தப் பெண் தனக்கு வந்த வேலைகளையும் அம்மாவிடம் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டாள். "எங்கடை கோயிலை இடிச்ச போர்த்துக்கீசன்ரை கம்பளத்தை நான் இருந்து தைக்கிறன்" என்று அம்மா வருகிறவர்களிடம் சொல்லுவார். அவர்கள் சிரிப்பார்கள். அம்மா சிரிக்க மாட்டார்.

பிறகு அம்மா தன் தங்கையை ஊரிலிருந்து எடுப்பித்தார். சித்தியின் பெயர் மாலினி. அம்மாவைவிடப் பல வயது இளையவர், பேச்சுக் குறைவானவர், கை சுத்தமானவர். சித்தி வந்த சில மாதங்களிலேயே அம்மாவின் கைக்கும் சித்தியின் கைக்கும் உள்ள வித்தியாசம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் அதைச் சொல்லவில்லை. அம்மா நன்றாகத் தைப்பார், சித்தி தைத்த இடம் தெரியவே தெரியாது. அன்றிலிருந்து தைப்பது சித்தியின் வேலையாகவும் பார்ப்பது அம்மாவின் வேலையாகவும் ஆகிவிட்டது.

அம்மா பார்க்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். பின்னேரம் கம்பளத்தின் அருகே வந்து, ஒரு மொட்டை ஊசியைச் சித்தி அன்று தைத்த வரிசைகளுக்குக் கீழே மெதுவாக ஓட்டிக்கொண்டு போவார். எங்காவது ஊசி தடக்கினால், அந்த ஒரு தையலை மட்டும் எடுக்கச் சொல்ல மாட்டார். அன்றைய வேலை முழுவதையும் சிறு கத்தரிக்கோலால் நடுவே வெட்டிவிட்டு, "மாடு மேஞ்ச மாதிரிக் கிடக்கு. திருப்பிச் செய்" என்று சொல்லிக் கீழே போவார். சில நாட்களில் ஊசி தடக்காமலும் வெட்டுவார். சித்தி வெட்டிய நூல்களைப் பொறுக்கி, நீளமானதைத் தனியாகவும் குட்டையானதைத் தனியாகவும் வைப்பார். பழைய கம்பளி நூல் கடையில் கிடைக்காத பொருள், ஒரு துண்டையும் வீணாக்க முடியாது.

அந்தப் பழைய நூல் எங்கிருந்து வந்தது என்பதும் இந்தக் கதைக்குத் தேவை. புதிதாகச் சாயம் போட்ட நூல் பழைய கம்பளத்தில் பொய்ப்பல்லுப் போலத் துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் நல்ல கம்பளம் ஒன்றைச் செப்பனிட, அதே காலத்துக் கெட்ட கம்பளம் ஒன்றைத் தேடிப்பிடித்து, அதன் தையல்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து அந்த நூலை எடுப்பார்கள். இது அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது, இதில் களவு எதுவும் இல்லை. அப்படி அவிழ்க்கப்படும் கம்பளத்துக்கு எங்கள் வீட்டுப் பெயர் "உரிக்கிற துண்டு". ஒரு கம்பளம் வந்தவுடன் அம்மா முதலில் கேட்பது, "இது தைக்கிறதோ, உரிக்கிறதோ?" என்றுதான்.

எங்கள் வீட்டில் சித்திக்கு வாசற்கதவின் திறப்பு, அதாவது சாவி, கிடையாது. அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்குத் தனியாகப் போகத் தொடங்கியதும் எனக்கும் ஒன்று வெட்டிக் கொடுத்தார்கள். சித்தி ஒருமுறை கேட்டதற்கு அம்மா, "உனக்கென்னத்துக்கு? ஆரும் வீட்டிலை இருப்பினம்தானே" என்றார். அதற்குப் பிறகு சித்தி கேட்கவில்லை. கடைக்கோ கோயிலுக்கோ போய் வந்தால் மணி அடித்துவிட்டு வாசலில் நிற்பார். அம்மா உள்ளே இருந்தாலும் உடனே எழுந்து வர மாட்டார், கையில் உள்ள வேலையை முடித்துவிட்டுத்தான் வருவார். மழைக்குள் மரக்கறிப் பையோடு கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மங்கலாக நிற்கும் சித்தியின் உருவம், என் சிறுவயதைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் வரும் படம்.

பழைய கம்பளங்களை வாங்கி விற்ற மிஸ்டர் வெப் என்பவரிடமிருந்துதான் எங்களுக்கு வேலை வந்தது. மேற்கு லண்டனில் அவருக்கு ஒரு கடையும், கடைக்குப் பின்னால் ஒரு பட்டறையும் இருந்தன. தையல்களை வெட்டிப் பார்க்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை, ஒரு தரம் தடவிப் பார்த்தே அது எந்தக் கை என்று கண்டுபிடித்துவிட்டார். ஒருநாள் எங்கள் முன்னறையில் இருந்து தேநீர் குடித்தபடி, தன் பட்டறையில் வடக்கு யன்னலுக்குக் கீழே ஒரு கதிரை, தைக்கிறவரின் இருக்கை, காலியாகப் போகிறது என்றும், மேல்மாடியில் ஓர் அறையும் உண்டு என்றும் அம்மாவிடம் சொன்னார். பேசியது அம்மாவோடு, பார்த்தது சித்தியை. தான் புதிதாக வாங்கிய ஒரு கம்பளத்தை அனுப்புவதாகவும், அதைச் சித்தி தனியாகச் செய்து முடித்தால் அந்தக் கதிரை அவருடையது என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு அம்மா கோப்பைகளை எடுத்தபடி, "கதிரையாம். இஞ்சை நீ நிண்டுகொண்டே இருக்கிறாய்?" என்றார்.

அந்தக் கம்பளம் அழகானது. பால் நிறக் களம், நீலக் கொடிகள், செங்கல் நிறத்தில் பூக்கள், நடுவில் ஒரு மரத்தின் இரண்டு பக்கத்திலும் ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு பறவைகள். அவற்றில் ஒன்றுக்குத் தலை இருக்கவில்லை, பூச்சி அரித்துவிட்டிருந்தது. மற்றப் பறவையைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சித்தி இந்தப் பறவையின் கழுத்தையும் அலகையும் கண்ணையும் திரும்பச் செய்தார். அம்மா ஊசியோடு வந்தபோது, வாழ்நாளில் முதல் தடவையாக, "அக்கா, இது என்ரை பொறுப்பு. அவர் வந்து பாக்கட்டும்" என்றார். அம்மா ஊசியோடு திரும்பிக் கீழே போனார். அன்று இரவு சாப்பாட்டில் சித்தியின் தட்டுக்கு மட்டும் கறி வரவில்லை, சித்தி வெறும் சொதியோடு சாப்பிட்டுவிட்டு எழும்பினார்.

இந்த நேரத்தில்தான் நான் பெரிசானேன். கார்த்திகை மாதம், பகல் தொடங்கிய உடனேயே முடிந்துவிடும் காலம். துடக்கு என்றால் ஒரு மூலையில் இருக்க வேண்டும், வீட்டுச் சாமான்களைத் தொடக்கூடாது. எங்கள் வீட்டில் எனக்கு என்று இருந்த மூலை அந்தப் பின்னறைதான். கம்பளத்தை வேறு அறைக்கு மாற்ற வேண்டும் என்று சித்தி கேட்டார். மாற்ற இடமில்லை என்று அம்மா சொன்னதும் உண்மைதான், மற்ற அறை எதிலும் அந்த மேசை நுழையாது. ஆகவே நான் ஒரு சுவரோடு, கம்பளம் மறு சுவரோடு. எனக்குக் காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், மத்தியானம் உழுத்தங்களி. பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருந்தார்கள். முழுநாளும் நான் சித்தி தைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன், பார்க்க வேறு எதுவும் இருக்கவில்லை.

சித்தி அந்த நாட்களில் பேசியதைப் போல முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. பட்டறைக்கு மேலே உள்ள அந்த அறையில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க ஒரு சின்னக் கேத்தில் வைப்பாராம். சாமிப்படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்று யோசித்து வைத்திருந்தார். சனிக்கிழமைகளில் நான் ரெயில் மாறி வர வேண்டும், எந்த ஸ்டேசனில் மாறுவது என்று தான் சொல்லித் தருவதாகச் சொன்னார். பிறகு ஊசியை நிறுத்தி, "எனக்கெண்டு ஒரு திறப்பு இருக்கும்" என்றார். அதைச் சொல்லிவிட்டு, யாருக்கோ கேட்டுவிட்டதைப் போலக் கதவைப் பார்த்தார்.

துடக்குக் கழிக்கும் நாளும் மிஸ்டர் வெப் வரும் நாளும் அடுத்தடுத்து அமைந்தன. முதல் நாள் விடியவே என்னைத் தலைக்குத் தோயவார்த்தார்கள். நான் படுத்த மெத்தை விரிப்பு, போர்வை, உடுப்பு எல்லாம் சலவைக்குப் போயின. தோய்க்க முடியாதவற்றுக்கு மஞ்சள் தண்ணீர் தெளிப்பது முறை. அம்மா செம்பில் மஞ்சளைக் கரைத்து, தமிழ்க் கடையில் வாங்கிய மாவிலையால் வாசற்படியிலிருந்து தெளித்துக்கொண்டு மேலே வந்தார். சித்தி கம்பளத்தின் மேல் பொலித்தீனை விரித்துவிட்டுக் கதவுக்கு முன்னால் நின்றார்.

"அக்கா, இதிலை மட்டும் வேண்டாம். நாளைக்கு மனுசன் வருது."

"பொலித்தீனுக்கு மேலை தெளிச்சா துடக்குக் கழியுமே? எடு."

"மாவிலையாலை ஒருக்காத் தொட்டுவிடுங்கோ. கரையிலை."

"உன்ரை வெள்ளைக்காரனுக்குப் பயந்து நான் என்ரை பிள்ளைக்குத் துடக்கை விட்டுவைக்கவோ? எடு எண்டனான்."

சித்தி எடுத்தார். அம்மா எல்லா இடத்துக்கும் தெளித்ததைப் போலவே, கூடவும் இல்லை குறையவும் இல்லை, மூன்று வீச்சுத் தெளித்தார். பால் நிறக் களத்தில், புதிய பறவையின் கழுத்துக்குக் கீழே, மஞ்சள் பொட்டுகள் விழுந்தன. தெளித்தது வழக்கம். அதற்காக நான் அம்மாவை இன்றைக்கும் குற்றம் சொல்ல மாட்டேன்.

பிறகு கீழே எனக்கு ஆலாத்தி என்ற ஆரத்தி எடுத்தார்கள். அதற்கான தண்ணீரை அம்மாதான் கரைத்தார். நான் மனைப்பலகையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்: தட்டில் மஞ்சள் தண்ணீர், அதில் அம்மா விரல் நுனியால் சுண்ணாம்பைத் தொட்டுக் கலக்கியதும், கண்ணுக்கு முன்னாலேயே தண்ணீர் இரத்தச் சிவப்பாக மாறியது. மஞ்சளோடு சுண்ணாம்போ சவர்க்காரமோ சேர்ந்தால் சிவக்கும். எங்கள் பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு சோதனைக்கூடம் தேவையில்லை.

ஆலாத்தி முடிந்து வந்தவர்கள் போன பிறகு சித்தி அம்மாவிடம் வந்தார். பஞ்சால் ஒற்றிப் பார்த்ததாகவும், மஞ்சள் போகவில்லை என்றும் சொன்னார். மிஸ்டர் வெப்புக்கு ஒரு போன் எடுத்து ஒரு கிழமை பொறுக்கச் சொல்லும்படி கேட்டார். சித்திக்குப் போனில் ஆங்கிலம் பேச வராது, அவரது போன் இலக்கமும் அம்மாவிடம்தான் இருந்தது. என்ன சொல்லிப் பொறுக்கச் சொல்வது, மகள் பெரிசாகிவிட்டாள் என்று வெள்ளைக்காரனுக்குச் சொல்வதா என்று அம்மா கேட்டார். சித்தி கையில் இருந்த பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தார். 

"அப்ப நான் என்ன செய்ய, அக்கா?"

அம்மா ஆலாத்தித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "சுடுதண்ணியிலை சவர்க்காரம் போட்டுத் தோய். முதல் சிவக்கும். பேந்து போயிடும்."

சித்தி மாடிக்கு ஓடினார். வேறு யார் சொல்லியிருந்தாலும் செய்திருக்க மாட்டார். பழைய லினனில் சுடுதண்ணீர் படக்கூடாது என்பது அவருக்குத் தன் பெயரைப் போலத் தெரியும். ஆனால் ஊரைவிட்டு வந்த நாளிலிருந்து எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று அக்காதான் சொல்லி வந்தார். பயத்தில் மனிதர்களுக்குத் தங்களுக்குத் தெரிந்தது மறந்துபோகும், பழகியது மறக்காது. கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து தேய்க்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தம் நின்றது.

நான் போய்ப் பார்த்தபோது பொட்டுகள் எல்லாம் ஒன்றாகிக் கையகலத்துக்குச் செங்காவி நிறத்தில் பரவியிருந்தன. சித்தி ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தார், அழவில்லை. நல்ல தண்ணீரால் ஒற்றி ஒற்றிப் பார்த்தும் லினனுக்குள் ஊறிய சவர்க்காரம் போகவில்லை, சிவப்பும் போகவில்லை. ஒரு பறவையின் கழுத்தை யாரோ அறுத்துவிட்டதைப் போல இருந்தது.

மறுநாள் மிஸ்டர் வெப் வந்தார். முதலில் பறவையைப் பார்த்தார், எந்தப் பறவை புதிது என்று கண்டுபிடிக்கக் குனிந்து தேடினார், சித்தியைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கொஞ்சம் கீழே பார்த்தார். இரத்தமா என்று கேட்டார். அம்மா தன் ஆங்கிலத்தில், மிகத் தெளிவாக, இரத்தம் இல்லை, தங்கை சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டாள், தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தான் விட்டிருக்க மாட்டேன் என்று சொன்னார். சித்திக்கு அந்த அளவு ஆங்கிலம் விளங்கும். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா மிஸ்டர் வெப்புக்குச் சீனி எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மிஸ்டர் வெப் கோபப்படவில்லை. அவர் மரியாதையானவர், அந்த மரியாதை எங்கள் வீட்டுக் கத்தரிக்கோலைவிடக் கூராக இருந்தது. சுடுதண்ணீரும் சவர்க்காரமும் எடுத்துக்கொண்டு பழைய லினனுக்கு அருகே போகக்கூடிய ஒருவரைத் தன் பட்டறையில் வைக்க முடியாது என்பதைச் சித்தியிடம் சொல்லாமல் கம்பளத்திடம் சொன்னார். பிறகு, இனி இது விற்கப் போகாது, நூலாவது உதவட்டும், உரித்து எடுங்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். தேநீர் குடிக்கவில்லை.

அப்பா வேலையால் வந்து எல்லாவற்றையும் கேட்டார். சித்தி இருந்த அறைக்கதவு வரை போய் நின்றார். "நான் உங்கள் ரெண்டு பேருக்கும் நடுவிலை வரேல்லை" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். அப்பாவை எல்லோரும் நல்ல மனிதர் என்பார்கள்.

உரிக்கும் வேலையும் சித்திக்குத்தான் வந்தது. மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாரே தவிர, கத்தரிக்கோல் மடியில் கிடந்தது. முதல் வெட்டு வெட்ட முடியவில்லை. அம்மா நூல் போடும் தகரப் பெட்டிகளை நிறவாரியாக அடுக்கியபடி, சாதாரணமாக, ஒரு சமையற் குறிப்புச் சொல்வதைப் போலச் சொன்னார்:

"தைச்சது நீதானே. எங்கை தொடங்கிறதெண்டு உனக்குத்தான் தெரியும்."

சித்தி பறவையின் கண்ணிலிருந்து தொடங்கினார்.

கறை பிடித்த துண்டு நூலுக்கு உதவாது. அம்மா அதை மட்டும் சதுரமாக வெட்டியெடுத்து, கீழ் முன்னறை யன்னற்கட்டில் இருந்த கற்றாழைச் சாடிக்குக் கீழே போட்டார், தண்ணீர் ஒழுகிப் பலகை கெடாமல் இருக்க. அந்த யன்னல் தெற்குப் பார்த்தது. மாரி போனது, வசந்தம் போனது. சித்தி அடுத்த கம்பளத்தைச் செய்தார், அதற்கடுத்ததையும் செய்தார். பின்னேரங்களில் அம்மாவின் மொட்டை ஊசி முன்போலவே வந்து போனது. வடக்கு யன்னலுக்குக் கீழே இருந்த கதிரையில் வேறு யாரோ உட்கார்ந்துவிட்டதாக மிஸ்டர் வெப்பின் கம்பளங்களை ஏற்றிவரும் வான்காரர் சொன்னார்.

கோடை விடுமுறையில் ஒருநாள் சித்தி யன்னற்கட்டைத் துடைக்கச் சாடியைத் தூக்கினார். நான் பக்கத்தில் இருந்தேன். துண்டு பால் நிறத்தில், சுத்தமாக, ஒரு பொட்டும் இல்லாமல் இருந்தது. சாடி நின்ற இடத்தில் மட்டும், வட்டமாக, செங்காவி நிறம் அப்படியே இருந்தது. வெயில் பட்ட இடத்துக் கறையை வெயில் எடுத்துவிட்டிருந்தது. படாத இடத்துக் கறை மங்காமல் இருந்தது.

இன்று நான் செய்யும் வேலை இதுதான். ஒரு துணியில் பாதியை மறைத்து, பாதியை வெளிச்சத்துக்குக் காட்டி, எந்தச் சாயம் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கிறோம். மஞ்சள் எதையும் தாங்காது, வெளிச்சத்துக்கு முன்னால் நிற்க முடியாத சாயங்களில் அது முன்வரிசை. அந்தக் கம்பளத்தை எதுவும் செய்யாமல் விட்டிருந்தால், வெளிச்சமான ஒரு யன்னலுக்கு முன்னால் விரித்துவிட்டுப் பொறுத்திருந்தால், அந்த மஞ்சள் தானாகவே போயிருக்கும். கார்த்திகையில் கொஞ்சம் கூடக் காலம் எடுத்திருக்கும். ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாக இருந்திருக்கும்.

சித்தி சாடியைக் கையில் வைத்தபடியே, "அக்கா, வெயில் குடிச்சிருக்கு" என்றார்.

அம்மா கதிரையில் இருந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். "குடிக்கும்தானே. கூறைச்சேலையிலை மஞ்சள் பட்டா ஊரிலை வெயிலிலைதானே போடுறனாங்கள். நீ என்னண்டு மறந்தனி?"

"நீங்கள் சவர்க்காரம் எண்டனீங்கள்."

"ஓம், எண்டனான்." நூல் ஊசியின் காதுக்குள் போனது. அம்மா அதை இழுத்து நீட்டி அளந்தார். "நீ போயிருந்தா எனக்கு ஆர்?"

அதில் வருத்தமும் இல்லை, சவாலும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.  சித்தி துண்டைச் சரியாக விரித்து, சாடியை அந்த வட்டத்தின் மேலே, ஒரு நூலும் வெளியே தெரியாதபடி, திரும்ப வைத்தார். "இது இதிலையே நிக்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு அந்தச் சாடியை அசைக்க அவர் யாரையும் விட்டதில்லை. கற்றாழை பட்டுப்போனால் புதியது வைத்தார்.

நான் பல்கலைக்கழகம் போன அதே கிழமையில் சித்தியும் ஒரு சூட்கேசோடு லண்டனின் மறுகோடியில் இருக்கும் சட்டனுக்குப் போனார். அங்கே ஒரு சலவைக்கடையின் பின்னறையில் காற்சட்டைகளின் நீளம் குறைக்கிறார். கடைக்கு மேலே அவருக்கு ஓர் அறை இருக்கிறது, கேத்தில் இருக்கிறது. கம்பளம் எதையும் அதன் பிறகு தொடவில்லை.

அந்தக் கம்பளம் இன்று கம்பளமாக எங்கும் இல்லை. அதன் நீலம் யாரோ ஒருவரின் வீட்டில் வேறொரு கொடியின் இலையாகவும், அதன் செங்கல் நிறம் வேறொரு பறவையின் சிறகாகவும் இருக்கும். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, தெரியக்கூடாது என்றுதான் சித்தி தைத்தார். மிஸ்டர் வெப்பின் கடையில் இப்போது கோப்பி விற்கிறார்கள். அப்பா இல்லை. மேல்மாடிப் பின்னறையில் மேசை இல்லை, கம்பளி வாசமும் இல்லை. அம்மாவுக்குக் கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது, ஓரத்தால்தான் உலகத்தைப் பார்க்கிறார். முழங்கால் பிடிப்பதால் சுவரைத் தொட்டுத் தொட்டு நடக்கிறார். தனியாக இருக்கிறார். நான் வேலைக்காகத் தூரத்தில் இருப்பதால், போன வருடம் சித்தியிடம் கேட்டேன், கிழமைக்கு ஒருதரம் போய்ப் பார்ப்பீர்களா என்று. பார்ப்பதாகச் சொன்னார். அம்மா வீட்டுத் திறப்பில் ஒன்று வெட்டிக் கொடுத்தேன். அதை வாங்கித் தன் திறப்போடு ஒரே வளையத்தில் கோத்துக்கொண்டார்.

சில கிழமைகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை நான் அங்கே போனபோது மழை. சித்தி வாசலில் நின்றுகொண்டிருந்தார், மணி அடித்துவிட்டிருந்தார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அம்மாவின் உருவம் மங்கலாக, சுவரைத் தடவித் தடவி, மெதுவாக வந்துகொண்டிருந்தது. பாதி வழியில் நின்று மூச்சு வாங்கியது. சித்தியின் கையில் குடையும், குடையோடு சேர்த்துப் பிடித்த திறப்பு வளையமும் இருந்தன. திறப்பு இருக்கிறதே, ஏன் திறந்துகொண்டு போகவில்லை என்று நான் கேட்டேன்.

"என்னத்துக்கு?" என்றார் சித்தி. "ஆரும் வீட்டிலை இருப்பினம்தானே."

இன்றைய நிலை இது: சித்தி சனிக்கிழமைகளில் வருகிறார். சமைத்து வைக்கிறார், அம்மாவுக்கு நகம் வெட்டிவிடுகிறார், சாடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். சாடிக்குக் கீழே வட்டம் அப்படியே இருக்கிறது. திறப்பு அவரிடம் இருக்கிறது. மணிதான் அடிக்கிறார்.